ஃப்ரீஸ்டைலில் மூச்சு வாங்குவது எப்படி? (கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கும் சேர்த்து)

கிணற்றிலும் ஆற்றிலும் நீச்சல் பழகிய பலருக்குத் தலையைத் தண்ணீருக்கு மேலேயே வைத்துக்கொண்டு கையை வீசும் பழக்கம் இருக்கும். கிணற்றில் எதிர்ப்படிக்கட்டைப் போய்ப் பிடிக்க அது போதும். 25 மீட்டர் குளத்தில் ஃப்ரீஸ்டைல் (குப்புறப் படுத்து, கைகளை மாற்றி மாற்றி வீசும் நீச்சல்) அடிக்கும்போதுதான் பாதி வழியிலேயே மூச்சு முட்டி, கை லேன் கயிற்றைத் தேடும். எனக்குப் பல வருஷம் அப்படித்தான் போனது. ஸ்டாமினா போதாது, தினமும் ஓடு என்றார்கள். ஓடியும் தண்ணீரில் ஒன்றும் மாறவில்லை. மூச்சை இழுப்பதைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு, ஒழுங்காக வெளியே விடப் பழகிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதல் படி, நீந்தவே வேண்டாம். நெஞ்சளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கி, மூக்காலும் வாயாலும் காற்றை மெதுவாக, இடைவிடாமல் குமிழியாக விடுங்கள். முகம் வெளியே வந்ததும் வாயால் இழுங்கள், உடனே மறுபடி முக்குங்கள். மூச்சு முட்டுகிற அந்த உணர்வு பெரும்பாலும் காற்று போதாமல் வருவதில்லை, உள்ளே சேரும் கரியமில வாயுவால் வருவது. தம் கட்டிக்கொண்டு நீந்தினால் அது ஏறிக்கொண்டே போகும், அப்புறம் முகம் வெளியே வருகிற அந்தச் சின்ன நேரத்துக்குள்ளேயே விடவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும் என்றால் யாரால் முடியும்? அலுத்துப்போகும் வரை இதைச் செய்யுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுத் தண்ணீருக்குள் தம் கட்டிப் பார்க்கவே கூடாது, முன்னறிவிப்பே இல்லாமல் மயக்கம் வரும். தனியாகவும் பழகாதீர்கள்.

அடுத்தது தலை. தலையை முன்பக்கமாகத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போய்விடும், அதைச் சமாளிக்கக் கை காலை அடித்தே களைத்துப்போவோம். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். இடது கையைக் கிக் போர்டில் (பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகை) நீட்டி, வலது கையைத் தொடையோடு ஒட்டி, காலை மட்டும் அடித்துக்கொண்டே போங்கள். மூச்சு வேண்டும்போது வலது தோளோடு சேர்ந்து முகமும் திரும்பட்டும். இடது காது நீட்டிய கையின் மேல் சாய்ந்திருக்க வேண்டும், காகில்ஸின் ஒரு கண்ணாடி தண்ணீருக்குள்ளும் மற்றது வெளியேயும் இருக்க வேண்டும். முன்னேறும் தலை தண்ணீரைத் தள்ளுவதால் கன்னத்துக்குப் பக்கத்தில் மட்டம் கொஞ்சம் இறங்கும், வாய்க்கு அந்தப் பள்ளம் போதும். மெதுவாகப் போகும்போது பள்ளம் சிறியதாகத்தான் இருக்கும், அதனால் தொடக்கத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினாலும் தப்பில்லை. தூக்குவது மட்டும் வேண்டாம்.

இப்போது போர்டை விட்டுவிட்டு முழு ஃப்ரீஸ்டைல். வலது கை தண்ணீரை இழுத்து முடிக்கும்போது முகம் திரும்ப வேண்டும், அந்தக் கை மேலே சுற்றி முன்னால் வந்து விழுவதற்கு முன்பே முகம் உள்ளே போயிருக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இடது கையில்தான். மூச்சு இழுக்கிற அவசரத்தில் முன்னால் நீட்டிய கை தண்ணீரைக் கீழே அழுத்தும், பிடிமானம் போய் முகம் முங்கும், வாயில் தண்ணீர் ஏறும். அந்தக் கை நீண்டபடியே பொறுமையாக இருக்கட்டும். எனக்கு எல்லாவற்றையும் விட அதிக நாள் பிடித்தது இந்த இடம்தான், ஒரு சுற்றில் இதை மட்டும் கவனித்து நீந்துங்கள்.

மூன்று கை வீச்சுக்கு ஒருமுறை, இரண்டு பக்கமும் மாறி மாறி மூச்சு வாங்கு என்று ஆரம்பத்திலேயே சிலர் சொல்வார்கள். அவசரமே இல்லை. 2018-இல் 1500 மீட்டரை 15 நிமிடம் 20.48 விநாடியில் நீந்தி பெண்கள் உலக சாதனை படைத்த அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியே பெரும்பாலும் வலது பக்கம்தான் மூச்சு வாங்குவார். உங்களுக்கு எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கமே, இரண்டு வீச்சுக்கு ஒருமுறை வாங்குங்கள். 25 மீட்டர் முடிந்ததும் சுவரைப் பிடித்து நின்று, மூச்சு முழுதாக அடங்கிய பிறகு அடுத்த சுற்றுக்குப் போங்கள்.