ராஜினாமா கடிதம் அனுப்பும் முன்: அழைப்பைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி ஓரமாகக் கூப்பிட்டு போனை நீட்டினான். ராஜினாமா கடிதம். "திங்கட்கிழமை அனுப்பப்போறேன்ணே, ஊழியத்துக்கு வரச்சொல்லி கர்த்தர் பேசிட்டார்." கர்த்தர் ஒருவரை ஒரு வேலைக்குக் கூப்பிடுவதைத்தான் அழைப்பு என்கிறோம். இருபத்தாறு வயதில் நானும் இதே கடிதத்தை எழுதியிருக்கிறேன். ஜெபி, வேதம் வாசி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது ஞாயிறு பள்ளியிலேயே ஆயிற்று.

அழைப்பு என்றால் முழுநேர ஊழியம்தான் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு முகாமின் கடைசி இரவில் "ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார்கள். பக்கத்தில் இருந்தவன் எழுந்தான், நானும் எழுந்தேன். லேத் பட்டறை வேலையை விட்டேன். பதினான்கு மாதம். பிரசங்கிக்க நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மூன்று நிமிடத்தில் உட்கார்ந்துவிடுவேன். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. அவ்வளவு நாளில் உருப்படியாகச் செய்தது, பழைய பட்டறைக்குப் போய் ஒரு பின் கடைந்து வந்து ஆலயத்து கேட்டின் கீலில் மாட்டியது மட்டும்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

யாத்திராகமம் 31-ல் தேவ ஆவியால் நிரப்பப்பட்ட பெசலெயேல் பிரசங்கியா? பொன், வெள்ளி, வெண்கலம், மரம் என்று கைவேலை செய்தவன். அப்போஸ்தலன் பவுலே கொரிந்துவில் ஆக்கில்லாவோடு கூடாரம் பண்ணினார். மாற்கு 5-ல் லேகியோன் என்னும் பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் சுகமானதும் கூடவே வருகிறேன் என்று இயேசுவிடம் கெஞ்சுகிறான். அவரோ வீட்டுக்குப் போகச் சொல்கிறார். இந்தப் பகுதியை முகாமின் கடைசி இரவில் ஒருவரும் எடுப்பதில்லை, ஏனோ.

வாக்குத்தத்த அட்டையை நியமன உத்தரவாக வாசிப்பது

டிசம்பர் 31 இரவு ஆலயத்தில் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்போம், வரும் வருஷத்துக்கான வாக்குத்தத்தம் என்று. அதில் எரேமியா 29:11, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வசனம், வந்தால் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்பதும் அதில்தான் வருகிறது.

கிதியோனைப் போல அடையாளம் கேட்பது

நியாயாதிபதிகள் 6-ல் கிதியோன், தேவன் சொன்னது மெய்தானா என்று பார்க்க ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு அடையாளம் கேட்டான். ஆனால் அவனுக்கு அழைப்பு முன்பே வந்துவிட்டது. தோலைப் போட்டது பயத்தில்.

அடுத்தவர் சாட்சியை மாட்டிக்கொள்வது

கர்த்தர் இன்னொருவரை நடத்தின விதத்தைக் கேட்டுவிட்டு நமக்கும் அப்படியே என்று நினைப்பது. கோலியாத்தோடு சண்டைக்குப் போகும்போது ராஜா சவுல் மாட்டிவிட்ட கவசத்தைத் தாவீதே கழற்றிப்போட்டான்.

அழைப்பு வந்தால் ஆயத்தம் வேண்டாம் என்பது

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கின ஐடா ஸ்கடர், மிஷனெரி ஆகும் எண்ணமே இல்லாமல், நோயுற்ற அம்மாவைப் பார்க்கத்தான் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவத்துக்கு உதவி கேட்டு வந்தார்கள். டாக்டரான அவர் அப்பாவை, ஆண் என்பதால் வேண்டாம் என்றார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா மறுநாளே வைத்தியத்தில் இறங்கிவிடவில்லை. அமெரிக்கா போய்ப் படித்து, 1899-ல் கார்னெலில் பட்டம் வாங்கி, அப்புறம்தான் வேலூர்.

தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நீ கூப்பிடாமலே ஆட்கள் உன்னைத் தேடி எதற்கு வர்றாங்க?" கொஞ்சம் யோசித்தான். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள், வேலை புரியாவிட்டால் இவன் மேஜைக்குத்தான் வருவார்களாம். கடிதம் இன்னும் டிராஃப்டில் இருக்கிறது.