சொந்தப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வளர்ப்புப் பிள்ளை வரும்போது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மிடையே 'எடுத்து வளர்க்கிறது' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு காரியங்களைக் குறிப்பிடுகிறோம். தத்து எடுத்தால் அந்தப் பிள்ளை சட்டப்படி உங்கள் பிள்ளை. வளர்ப்புப் பராமரிப்பு அப்படியில்லை. மலேசியாவின் 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் ஒரு பிள்ளையைக் குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் வீட்டில் வைக்கிறது. பெற்றோருக்கு இன்னும் உரிமை உண்டு. பிள்ளை திரும்பிப் போகலாம். கைவிடப்பட்ட, பெற்றோர் இல்லாத பிள்ளைகளை 2 ஆண்டுகள் வரை வளர்ப்புப் பெற்றோரிடம் ஒப்படைக்கலாம்; அதற்குள் யாரும் உரிமை கோராவிட்டால் தத்துக்கு வழி திறக்கும். இந்த வேறுபாட்டை உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் முதல் நாளே சொல்ல வேண்டும். 'புதுத் தம்பி வந்திருக்கான்' என்று சொல்லிவிட்டு எட்டு மாதம் கழித்து அவனைத் திருப்பி அனுப்பினால், அடுத்து அனுப்பப்படுவது தான்தானோ என்று சிறு பிள்ளை பயப்படும்.

தெரிந்தவர் வழியாகவோ, கோயில் வழியாகவோ, ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியோ ஒரு பிள்ளையை நேரடியாக வாங்கி வந்துவிடாதீர்கள். அப்படி ஏற்றால் ஒரு வாரத்துக்குள் சமூகநல இலாகாவின் பாதுகாவலரிடம் (சட்டம் 'Protector' என்று குறிப்பிடும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளையைக் கொடுத்தவருக்கும் அதே கடமை உண்டு. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் தொடங்குவதே சரியான வழி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 15999 என்ற தாலியான் காசிஹ் (Talian Kasih) உதவி எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம். வளர்ப்புப் பிள்ளைக்கான மாத உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. தகுதியையும் தொகையையும் பிள்ளை வருவதற்கு முன்பே அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த வயதுப் பிள்ளை

உங்கள் கடைக்குட்டியை விடச் சிறிய பிள்ளையாக இருப்பது நல்லது, குறைந்தது இரண்டு வயது வித்தியாசத்தோடு. ஒரே வயது என்றால் ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர், தினமும் ஒப்பீடு. தமிழ்ப்பள்ளிகளில் ஓர் ஆண்டுக்கு ஒரே வகுப்பு இருப்பது சகஜம் என்பதால் தப்பிக்க இடமே இருக்காது. பெரிய பிள்ளை வந்தால் மூத்த மகன் அல்லது மகளின் இடம் ஒரே இரவில் பறிபோகும். உங்கள் கைக்குழந்தைக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை என்றால் காத்திருங்கள். இரவில் இரண்டு பிள்ளைகள் அழும்போது ஒருவரிடம் மட்டுமே போக முடியும், அது எப்போதும் ஒரே பிள்ளையாக இருந்துவிடும்.

அறையும் கதவும்

செந்தூலிலோ ஆயர் ஈத்தாமிலோ மூன்று அறை வீடு என்றால் தனி அறை கொடுப்பது கடினம். அது பரவாயில்லை. தனிக் கட்டிலோ தனி மெத்தையோ மட்டும் கட்டாயம் வேண்டும். சொந்தப் பிள்ளையோடு ஒரே மெத்தையில் படுக்க வைக்கக் கூடாது. அறையைப் பகிர்ந்தால் ஆண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளோடு, பெண்பிள்ளைகள் பெண்பிள்ளைகளோடு. அறைக் கதவு இரவில் பாதி திறந்தே இருக்கட்டும், வழியில் சிறிய விளக்கு எரியட்டும். உடை மாற்றுவது குளியலறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருவராக. இந்த விதிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. புதிதாக வந்த பிள்ளைக்காக மட்டும் போட்டால் அவனைக் குற்றவாளி போல நடத்தியதாகிவிடும். அந்தப் பிள்ளை எதையெல்லாம் பார்த்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் முதல் மூன்று மாதம் பிள்ளைகளைப் பெரியவர் இல்லாமல் ஒரே அறையில் விளையாட விடாதீர்கள்.

சொந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பூட்டு வைத்த ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்கள். அதற்குள் இருப்பதை யாரோடும் பகிர வேண்டியதில்லை. வந்த பிள்ளைக்கும் அதே அளவில் ஒன்று. பலர் இதை அற்பமாக நினைக்கிறார்கள். ஆனால் 'எல்லாத்தையும் விட்டுக் கொடு' என்று கேட்டுக் கேட்டே பல வீடுகளில் சொந்தப் பிள்ளைகளின் மனம் கசந்து போகிறது.

வரும் நாளில் கேட்டு வாங்க வேண்டியவை

அதிகாரி பிள்ளையோடு வரும்போது ஒரு கோப்பு தயாராக இருக்கட்டும். நீதிமன்ற உத்தரவின் நகல், பிறப்புப் பத்திரம், மைகிட் அட்டை (பிள்ளைகளுக்கான அடையாள அட்டை), உடல்நலப் பதிவுப் புத்தகம், சாப்பிடும் மருந்துகள், பள்ளி மாற்றக் கடிதம். எது இல்லையோ அதை எழுதிவைத்து எப்போது கிடைக்கும் என்று கேளுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைக்குப் பள்ளியில் சிக்கல் வரும். தேசியப் பதிவு இலாகா வேலையை அதிகாரி தொடங்கிவிட்டாரா என்பதை அன்றே கேளுங்கள். காகிதத்தில் இருக்காத கேள்விகளையும் விடாதீர்கள்: எதற்குப் பயப்படுவான், எப்படித் தூங்குவான், எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, பெற்றோர் எந்த நாட்களில் பார்க்க வருவார்கள்.

முதல் வாரத்திலேயே அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். தடுப்பூசிகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டு அட்டவணையில் பிறந்தவுடன் காசநோய்க்கான பிசிஜி, ஹெப்பாடைடிஸ் பி. 2, 3, 5, 18ஆம் மாதங்களில் ஆறு நோய்க்கான கூட்டு ஊசி. 9, 12ஆம் மாதங்களில் தட்டம்மைக்கான எம்எம்ஆர். விடுபட்டதை இப்போது போடலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கூட்டமாக வாழ்ந்த பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு இருக்கும் வாய்ப்பு அதிகம். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் இரவில் அரிப்பு அதிகமானால் சந்தேகப்படுங்கள். மருத்துவர் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பு கொடுப்பார். கழுத்திலிருந்து கால்விரல் வரை, நகத்தடியையும் விடாமல் தடவி, 8 முதல் 14 மணி நேரம் வைத்துக் கழுவ வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். வீட்டில் எல்லாரும் அதே இரவில் தடவ வேண்டும், அரிப்பு இல்லாதவர்களும். பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான்: வந்த பிள்ளைக்கு மட்டும் தடவுவார்கள், மூன்று வாரத்தில் சொந்தப் பிள்ளை சொறியும், பழி வந்த பிள்ளைமேல் விழும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையோ கர்ப்பிணியோ வீட்டில் இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். படுக்கை விரிப்பு, துண்டுகளைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். வழக்கமான குளிர்தண்ணீர்த் துவையல் போதாது. களிம்பு வேலை செய்த பிறகும் சில வாரம் அரிப்பு நீடிக்கும், பயப்பட வேண்டாம்.

பேன் இருந்தால் தலைமுடியை ஈரமாக்கி, கண்டிஷனர் தடவி, பேன் சீப்பால் 3 நாளுக்கு ஒருமுறை, குறைந்தது இரண்டு வாரம் வாருங்கள். ஈர் பொரிய 7 முதல் 10 நாள் ஆகும். ஒரே ஒருமுறை வாரினால் போகாது. மொட்டை மட்டும் அடிக்காதீர்கள். பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ வேண்டுதல் என்றாலும் சரி, மொட்டையோ காது குத்துவதோ அதிகாரியிடம் கேட்காமல் செய்யக் கூடாது. தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு ஒருநாள் போய்வருவதும் அப்படியே.

சாப்பாடும் படுக்கையும்

பசியைப் பார்த்த பிள்ளை சாப்பாட்டை ஒளித்து வைக்கும். தலையணைக்கடியில் ரொட்டித் துண்டு, பள்ளிப் பையில் மேகி பாக்கெட். திருட்டு என்று பெயர் வைக்காதீர்கள். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு டப்பா வையுங்கள். பிஸ்கட், வாழைப்பழம், சிறிய மைலோ பெட்டி. கேட்காமல் எடுக்கலாம், தினமும் நிரப்பப்படும். டப்பா எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. எப்போதும் நிறைந்திருக்கும் என்று பிள்ளை நம்பத் தொடங்கியதும் ஒளித்து வைப்பது குறையும். சமையலறையைப் பூட்டினால் அது அதிகமாகும்.

படுக்கையில் சிறுநீர் போனால் ஏழு வயதிலும் அதட்டல் வேண்டாம். மெத்தைமேல் நீர்புகா உறை, அதன்மேல் விரிப்பு, மறுபடி உறை, மறுபடி விரிப்பு என்று இரட்டை அடுக்காகப் போடுங்கள். நள்ளிரவில் மேலடுக்கை உருவினால் போதும். கூட இருக்கும் பிள்ளை விழிக்காது, மறுநாள் கேலி செய்யவும் மாட்டாது.

சொந்தப் பிள்ளைகளின் பங்கு

வந்த பிள்ளைக்கு அதிகாரி, மருத்துவர், பள்ளி என்று பத்துப் பேர் கவனம். சொந்தப் பிள்ளைக்கு நீங்கள் மட்டும்தான். தினம் 15 நிமிடம், கைப்பேசி இல்லாமல், ஒவ்வொருவருக்கும் தனியாக. கடைக்கு நடந்து போகும்போது பேசினாலும் போதும். வாரத்துக்கு ஒருமுறை நேரடியாகக் கேளுங்கள்: 'இந்த வாரம் உனக்கு எது கஷ்டமா இருந்துச்சு?' 'எனக்கு அவனைப் பிடிக்கலம்மா' என்று பதில் வந்தால் திருத்தப் போகாதீர்கள். 'சரிய்யா, சொல்லு' என்று மட்டும் சொல்லுங்கள். அதிகமாக நல்ல பிள்ளையாக மாறிவிட்ட மூத்த மகளைக் கவனியுங்கள். எதையும் கேட்காமல், பாத்திரம் கழுவி, எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பவள். அவள்தான் பெரும்பாலும் அதிகம் சுமப்பவள்.

விதிகள் எல்லாருக்கும் சமம், உதவி அவரவர் தேவைக்கேற்ப. கைச்செலவு, தீபாவளித் துணி, அங்பாவ் உறையில் வைக்கும் தொகை ஒன்றாக இருக்கட்டும். பாட்டி, சித்தப்பாவிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வந்த பிள்ளை உங்களை ஆண்டி, அங்கிள், அத்தை, மாமா என்று எது வருகிறதோ அப்படி அழைக்கட்டும். அம்மா என்று கூப்பிடச் சொல்லாதீர்கள், அவனுக்கு ஓர் அம்மா இருக்கிறாள்.

யாராவது கேட்டால் சொல்ல உங்கள் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வாக்கியம் கற்றுக்கொடுங்கள்: 'கொஞ்ச நாளு எங்க வீட்டுல இருக்கான்.' ஏன் வந்தான் என்பது அவனுடைய கதை. அவன் படத்தைப் பேஸ்புக்கிலோ குடும்ப வாட்ஸாப் குழுவிலோ போடக் கூடாது; பராமரிப்பில் உள்ள பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பதின்ம வயதுப் பிள்ளைகள் மறந்துபோய் டிக்டாக்கில் போடுவார்கள், முன்பே பேசி வையுங்கள்.

பெற்றோரைப் பார்த்துவிட்டு வரும் நாளில் பிள்ளை அடிக்கலாம், பொருளை உடைக்கலாம். அன்று மாலை விருந்தாளி வேண்டாம், டியூஷனும் வேண்டாம். சொந்தப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விடுவது தப்பில்லை.

போகும் நாள் தெரிந்ததும் நாட்காட்டியில் எல்லாரும் பார்க்கும்படி குறியுங்கள். பிள்ளைக்கு வந்த வாரத்திலேயே ஒரு பெட்டி வாங்கி வைத்திருங்கள். துணிகளைக் குப்பைப் பையில் கட்டி அனுப்பக் கூடாது. அவன் படங்களை அச்சடித்த சிறு ஆல்பம் ஒன்று அதற்குள் போகட்டும், உங்கள் பிள்ளைகள் எழுதிய கடிதமும். அவன் போன பிறகு மெத்தையை உடனே சுருட்டி வைக்காதீர்கள். எப்போது எடுக்கலாம் என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும். அவர்கள் சொல்லும்வரை அடுத்த பிள்ளைக்கு அதிகாரியிடம் சம்மதம் சொல்லாதீர்கள்.