உதிரி உதிரியாகக் காலிஃபிளவர் சோறு, கூடவே கெட்டியாக ஒரு முட்டைக் குழம்பு

அப்பாவுக்கு சுகர் வந்து 11 வருஷம் ஆகிறது. மாத்திரை மாறியது, நடை கூடியது, ஆனால் மதியம் தட்டில் குவியும் சோறு மட்டும் மாறவே இல்லை. போன தை மாதம் அந்த ஒரு வேளையை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று நானும் அம்மாவும் முடிவு செய்தோம். சோறு இல்லாமல் அப்பாவுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. அதனால் காலிஃபிளவரைச் சோறு மாதிரி ஆக்கிக் குழம்பு ஊற்றிக் கொடுத்தேன்.

முதல் நாள் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "என்னத்தா இது, சொதசொதன்னு? காய்ச்சக்காரனுக்குக் கஞ்சி ஊத்துன மாதிரி இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. பசியோடு உட்கார்ந்தவர் பசியோடு எழுந்து போனார், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த 3 வாரம் அந்தச் சொதசொதப்பை எப்படிப் போக்குவது என்று பார்த்ததில்தான் இந்தச் செய்முறை கிடைத்தது.

சமைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சமைப்பதாக இருந்தால், முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் அப்பாவுக்குக் கை நடுங்கி, சட்டை முதுகோடு ஒட்டுகிற அளவு வியர்த்துவிட்டது. குத்திப் பார்த்தால் சுகர் 64, ரொம்பக் குறைவு. உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தோம், ஏறியிருந்தது. அவர் எடுத்த மாத்திரை கிளிமிபிரைடு. அது உடம்பை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சோற்றைக் குறைத்தாலும் நிறுத்தாது. மறுநாள் டாக்டர் அளவைக் குறைத்த பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் வேறு மாதிரி ஆபத்து உண்டு. ரத்தத்தில் அமிலம் கூடிவிடும், சுகர் எண்ணிக்கை சாதாரணமாகக் காட்டும்போதுகூட. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கேட்காமல் இறங்க வேண்டாம்.

ஏன் சொதசொதக்கிறது?

அரிசி தண்ணீரைக் குடிக்கும், காலிஃபிளவர் தண்ணீரைக் கக்கும். இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது.

அரிசியில் இருக்கும் மாவுச்சத்துதான் சூட்டில் தண்ணீரை இழுத்துக்கொண்டு உப்புகிறது. வெந்த பிறகும் குழம்பை ஊற்றினால் அதையும் இழுத்துக்கொள்ளும். காலிஃபிளவரில் அந்த வேலையைச் செய்ய ஆளே இல்லை. 100 கிராம் பூவில் 92 கிராம் தண்ணீர், மாவுச்சத்தும் நார்ச்சத்தும் சேர்ந்து 5 கிராம்தான். சோறு ஆக்கிப் பழகிய கை தண்ணீர் சேர்த்து, மூடி போட்டு, உப்பை முதலிலேயே போடும். இங்கே அந்த மூன்றுமே கூடாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 300 கிராம் வெந்த சோற்றில் மாவுச்சத்து 84 கிராம் வரை இருக்கும். 300 கிராம் காலிஃபிளவரில் 15 கிராம், அதிலும் 6 கிராம் நார்.

படி 1: பூச்சி எடுப்பதும் காய வைப்பதும்

நான் 3 வாரம் தடுக்கி விழுந்தது இங்கேதான்.

நம் வீடுகளில் காலிஃபிளவர் வாங்கினால் மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் முக்காமல் யாரும் சமைக்க மாட்டோம். பூவுக்குள் பச்சைப் புழு இருக்கும், அதை விட முடியாது. ஆனால் நான் துருவிய பிறகு வெந்நீரில் போட்டேன். துருவின ஒவ்வொரு துணுக்கும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டது. துணியில் கட்டிப் பிழிந்தேன், கூழாகிவிட்டது. அடுத்த தடவை முழுப்பூவாக முக்கி எடுத்து உடனே துருவினேன், அப்போதும் கையெல்லாம் ஈரம்.

இப்போது செய்வது இதுதான். முதல் நாள் ராத்திரியே பூவைப் பெரிய பெரிய கிளைகளாகப் பிரித்துக்கொள்வேன். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, கிளைகளை 2 நிமிஷம் மட்டும் முக்குவேன். 2 நிமிஷத்துக்கு மேல் போனால் பூ வெந்துவிடும், வெந்த பூ துருவ வராது. வடிகட்டியில் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். தண்டு மேலே, பூ கீழே. நேராக வைத்தால் பூவின் இடுக்கில் தண்ணீர் நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் பரப்பி, ஃபேனுக்குக் கீழே 1 மணி நேரம். பிறகு துணியோடு சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் பூ கையில் சொரசொரவென்று இருக்கும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு கிளையை எடுத்து உள்ளங்கையில் தட்டுங்கள். ஒரு துளி தெறித்தாலும் இன்னும் காய வேண்டும்.

படி 2: துருவுவது

மிக்ஸி வேண்டாம். நிறையப் பேர் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டச் சொல்கிறார்கள். அடியில் இருப்பது மாவாகிவிடும், மேலே இருப்பது கட்டியாக நிற்கும், மாவானதுதான் தண்ணீர் விடும். கேரட் துருவியின் பெரிய கண்தான் சரி. 600 கிராம் பூவைத் துருவ எனக்கு 7 நிமிஷம் ஆகிறது. தண்டையும் துருவுங்கள், தூக்கிப் போடாதீர்கள். பூவைவிடத் தண்டுத் துருவல்தான் சோற்றுப் பருக்கை மாதிரி நிற்கிறது.

படி 3: கடாய்

வாய் அகன்ற, கனமான இரும்புக் கடாய். நன்றாகப் பழக்கிய பழைய தோசைக்கல்லும் ஆகும். மெல்லிய நான்ஸ்டிக் வேண்டாம், காயைப் போட்டதும் சூடு இறங்கிவிடும். சூடு இறங்கினால் காய் வதங்காது, தன் தண்ணீரிலேயே வெந்துவிடும்.

கடாய் நன்றாகக் காய்ந்த பிறகு 1 டேபிள்ஸ்பூன் நெய் அல்லது நல்லெண்ணெய், ஒரு சிட்டிகை பெருங்காயம். பிறகு துருவலில் பாதியை மட்டும் போட்டு, பரப்பிவிட்டு, 1 நிமிஷம் கிளறாமல் இருங்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் "சுர்ர்" என்று சத்தம் வரும், ஆவி குபுகுபுவென்று எழும்பும். ஆவி அடங்க அடங்க அந்தச் சத்தம் படபடவென்று பொரிகிற சத்தமாக மாறும். அப்போது ஒரு புரட்டு. மறுபடி அதே சத்தத்துக்குக் காத்திருந்து இன்னொரு புரட்டு. மொத்தம் 5 நிமிஷம். மூடி போடவே கூடாது. முழுத் துருவலையும் ஒரே தடவையில் கொட்டினால் அடியில் இருப்பது விடும் ஆவி மேலே இருப்பதில் படிந்து பழையபடி கஞ்சியாகிவிடும். அவசரமென்றாலும் இரண்டு தடவையாகப் பிரித்தே செய்யுங்கள்.

உப்பு அடுப்பை அணைத்த பிறகுதான். முன்னாடியே போட்டால் காயிலிருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும்.

600 கிராம் துருவல் வதங்கி 400 கிராம் அளவுக்கு வரும். இரண்டு பேருக்குப் போதும்.

படி 4: பிசைய வர வேண்டும்

உதிரியாக வந்ததும் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்பா குழம்பை ஊற்றிப் பிசைந்தார், கவளம் கூடவில்லை, விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கையால் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய குறை. ஸ்பூன் கொடுத்தேன், வேண்டாமென்று தள்ளிவிட்டார்.

வதங்கிய துருவலை ஓரமாகத் தள்ளி, நடுவில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, அது பாதி இறுகும்போதே துருவலோடு புரட்டிவிட்டேன். முட்டை ஒவ்வொரு பருக்கையிலும் மெல்லிசாகப் படிந்து பிடித்துக்கொண்டது. கவளம் கூடியது. அன்றைக்குத்தான் அப்பா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

முட்டை சாப்பிடாதவர்கள் 50 கிராம் பனீரை விரலால் நன்றாக மசித்துச் சேர்க்கலாம். தயிர்ச் சோறாக வேண்டுமென்றால் தயிரைத் துணியில் கட்டி 2 மணி நேரம் தொங்கவிட்டு, அந்தக் கெட்டித் தயிரில் பிசையுங்கள். பாக்கெட் தயிரை அப்படியே ஊற்றினால் தட்டில் ஓடும்.

குழம்பு

காலிஃபிளவர் குழம்பை உறிஞ்சாது. அதனால் ரசமும் நீர்க்கச் சாம்பாரும் இதற்கு ஒத்துவராது. குழம்பு பருக்கை மேல் உட்கார வேண்டும். அரிசிமாவோ பொட்டுக்கடலையோ போட்டுக் கெட்டியாக்கினால் எதற்காக இந்தப் பாடு? தேங்காயும் கசகசாவும் அந்த வேலையைச் செய்யும்.

மண்சட்டியில் 3 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய், கடுகு, சோம்பு, கறிவேப்பிலை. தாளிப்பது உங்களுக்குத் தெரியும். சின்ன வெங்காயம் 10, பூண்டு 8 பல், தக்காளி 1. வெங்காயத்தில் மாவுச்சத்து கொஞ்சம் உண்டு, ஆனால் 3 பேருக்கு 10 வெங்காயம் என்பதில் பயப்பட ஒன்றுமில்லை. மல்லித்தூள் 2 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1, மஞ்சள். பச்சை வாசனை போனதும் புளித்தண்ணீர். புளி ஒரு சின்ன நெல்லிக்காயில் பாதி, அதற்கு மேல் வேண்டாம். தண்ணீர் 1 டம்ளர்தான், சோற்றுக் குழம்புக்கு ஊற்றுவதில் பாதி. கொதித்து எண்ணெய் பிரிந்ததும், அரை மூடித் தேங்காய், 1 டீஸ்பூன் கசகசா, அரை டீஸ்பூன் மிளகு சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்த விழுதைச் சேர்த்து, தீயைக் குறையுங்கள். விழுது சேர்ந்த பிறகு 5 நிமிஷம். அவித்த முட்டை 4, கீறிப் போட்டு இறக்குங்கள்.

புளி சேர்ந்த குழம்பை இரும்புக் கடாயில் வைக்காதீர்கள், நிறம் கறுத்து இரும்பு வாடை ஏறும்.

தொட்டுக்கொள்ளக் கீரை, அவரை, கொத்தவரை, புடலை, முட்டைக்கோஸ் எது வேண்டுமானாலும். தேங்காயைத் தாராளமாகப் போடுங்கள். உருளை, கருணை, மரவள்ளி இந்தத் தட்டில் வேண்டாம்.

"அதற்குச் சப்பாத்தி போட்டால் போதாதா?"

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது இது. கோதுமை மாவு, கேழ்வரகு, சாமை, வரகு எதை எடுத்தாலும் 100 கிராமில் சுமார் 65 கிராம் மாவுச்சத்து. பச்சரிசியில் 78. நார் கூடுதல் என்பது உண்மை, அதற்காக இது மாவுச்சத்துக் குறைந்த சாப்பாடு ஆகிவிடாது. 2025-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) 'இண்டியாப்' (INDIAB) என்ற சர்க்கரை நோய் ஆய்வு, நம் நாட்டில் சாப்பாட்டுக் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்றது. மொத்த அளவைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ மாற்றிக்கொள்வதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறையவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஆய்வு அது. ராத்திரி 4 சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, சோற்றை விட்டுவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கும் எத்தனையோ பெரியவர்களை எனக்குத் தெரியும். இதைப் படிப்பவர்கள் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு சேர்த்தது

துபாயிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார், அங்கே கசகசா கொண்டுவரவே கூடாதாமே, என்ன செய்ய என்று. ஆமாம், அங்கே அதற்குத் தடை. ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லிக்கூட விடாதீர்கள். 8 பாதாமை ஊறவைத்துத் தோலுரித்துத் தேங்காயோடு அரையுங்கள். நானும் செய்து பார்த்தேன், குழம்பு இன்னும் வழவழப்பாகவே வந்தது. முந்திரியில் மாவுச்சத்து கூடுதல், அதனால் பாதாமே நல்லது.

வாடை பிடிக்கவில்லை என்று மூன்று பேர் சொன்னார்கள். மூன்று பேருமே மூடி போட்டிருக்கிறார்கள். கோஸ் வகைக் காய்கள் வேக வேகக் கந்தக வாடை கூடும், மூடினால் அது உள்ளேயே சுற்றும். திறந்து வைத்து 5 நிமிஷத்தில் முடித்தால் வாடை தங்காது.

வேலைக்குப் போகிறவர்கள் துருவி ஃபிரீசரில் வைக்கலாமா என்று கேட்டார்கள். வைக்கலாம், ஆனால் வெளியே எடுத்து இளக விடக் கூடாது. உறையும்போது உள்ளே பனித்துகள் காயின் செல் சுவரைக் கிழித்துவிடும், இளகினால் மொத்தத் தண்ணீரும் இறங்கும். மெல்லிய தட்டைப் பொட்டலமாக உறைய வையுங்கள். கட்டி கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே உடைத்துக் காய்ந்த கடாயில் போடுங்கள், 2 நிமிஷம் கூடுதலாகும்.

சித்திரை வந்தால் காலிஃபிளவர் விலை ஏறி, வருகிற பூவும் மஞ்சளடித்துக் கிடக்கும். அந்த மாதங்களில் நான் முட்டைக்கோஸை நூல் மாதிரி நறுக்கி இதே முறையில் செய்கிறேன். அதற்கு மட்டும் முட்டை இரண்டாகத் தேவைப்படுகிறது.