கீ வெஸ்ட்டுக்கு ஆர்.வி.யில் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளுக்கு ஆர்.வி.யில் (உள்ளேயே தங்கித் தூங்கும் வீடு மாதிரியான வண்டி) கிளம்புகிறவர்களை முதலில் ஏமாற்றுவது மேப்தான். கரையிலிருந்து கடைசித் தீவான கீ வெஸ்ட் வரை 113 மைல்தானே, இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று தோன்றும். முதலில் வரும் கீ லார்கோ தீவுக்குள் நுழைய கார்ட் சவுண்ட் ரோடு என்று சுங்கம் வாங்கும் இன்னொரு வழி உண்டு. அதைத் தாண்டிவிட்டால் கடைசித் தீவு வரைக்கும் யுஎஸ் 1 என்ற நெடுஞ்சாலை ஒன்றுதான். நிறைய இடங்களில் போக ஒரு லேன், வர ஒரு லேன். முன்னால் ஒரு விபத்து நடந்தால் சுற்றிப்போக வழியில்லை, வண்டியை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். வெள்ளி மாலை உள்ளே போவதையும் ஞாயிறு மதியம் திரும்புவதையும் தவிர்த்தாலே பாதித் தலைவலி தீரும்.

அதைவிடப் பெரிய தவறு, தங்க இடம் பிடிக்காமல் போவது. ‘எங்காவது ஓரமாக நிறுத்தித் தூங்கிக்கொள்ளலாம்’ என்ற கதை இங்கே எடுபடாது. ராத்திரி ரோட்டோரத்தில் நிறுத்தித் தங்க அனுமதி இல்லை. தனியார் கேம்ப்களை விட ஸ்டேட் பார்க்குகளில் வாடகை குறைவு, கடலும் கையெட்டும் தூரத்தில். அதனால்தான் அங்கே அவ்வளவு போட்டி. ஃப்ளோரிடாவில் குடியிருப்பவர்கள் 11 மாதம் முன்பே புக் செய்யலாம், மற்றவர்களுக்கு 10 மாதம்தான். அந்த ஒரு மாத இடைவெளியில் பஹியா ஹோண்டா மாதிரிப் பார்க்கில் என்ன மிஞ்சும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வண்டியின் நீளத்தை மட்டும் பார்த்து புக் செய்துவிடாதீர்கள், உயரமும் முக்கியம். அதே பார்க்கில் பேசைட் பகுதிக்குப் போகும் வழி தாழ்வான பாலத்துக்கு அடியில் இருக்கிறது. ஆர்.வி. அதில் நுழையாது.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை ஹரிகேன் சீசன். புயல் வருகிறதென்றால் முதலில் வெளியேறச் சொல்வது சுற்றுலா வந்தவர்களையும் ஆர்.வி.க்களையும்தான். 2017 செப்டம்பரில் இர்மா புயல் கரையைத் தொட்டது இந்தத் தீவுகளில்தான், கட்ஜோ கீயில். அந்த மாதங்களில் போவதென்றால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்ட பிறகே புக் செய்யுங்கள். ஜூலைக் கடைசியில் இரண்டு நாள் லாப்ஸ்டர் (சிங்கி இறால்) மினி சீசன், அதைப் பிடிக்க வருகிறவர்களின் கூட்டம்தான் எங்கும். லாப்ஸ்டர் பிடிக்கும் ஆசை இல்லாதவர்கள் அந்த வாரத்தை விட்டுவிடலாம்.

அப்புறம், தீவு என்றாலே நீளமான மணல் கடற்கரை என்று நினைத்துப் போய் முகம் வாடுகிறவர்கள் உண்டு. வெளியே இருக்கும் பவளப்பாறைகள் அலைகளைத் தடுத்துவிடுவதால் இங்கே மணல் அவ்வளவாகச் சேர்வதில்லை. தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்கத்தான் இந்த இடம், ஸ்நார்க்கலை (முகத்தைத் தண்ணீரில் வைத்தபடி மூச்சுவிட உதவும் குழாய்) மறக்காதீர்கள்.

கீ வெஸ்ட் பழைய ஊருக்குள் பெரிய வண்டியைக் கொண்டுபோக வேண்டாம். தெருக்கள் ஒடுக்கம், நிறுத்தவும் இடமில்லை. வண்டியை கேம்பிலேயே விட்டுவிட்டு சைக்கிளிலோ பஸ்ஸிலோ போவதுதான் சரி. வழியில் பிக் பைன் கீ வந்ததும் வேகத்தைக் குறையுங்கள், இரவில் அங்கே 35 மைலைத் தாண்டக் கூடாது. நாய் உயரமே இருக்கும், ‘கீ மான்’ என்ற இந்தத் தீவுகளின் குட்டை மான்கள் சட்டென்று ரோட்டில் வந்து நிற்கும்.