சங்கிலி ரம்பம் வாங்குவதற்கு முன்

சங்கிலி ரம்பம் வாங்கச் செல்பவர்கள் பெரும்பாலும் எஞ்சினின் திறனையே முதலில் விசாரிக்கிறார்கள். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது, சங்கிலி ஓடும் தகட்டின் நீளம். வழக்கமாக அறுக்கும் மரத்தின் விட்டத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும் என்பதால், விறகுக்கும் நடுத்தர மரங்களுக்கும் 14 முதல் 16 அங்குலத் தகடே தாராளம். நீளம் கூடினால் எடையும் கூடும். கை சோர்ந்த நேரத்தில்தான் தகட்டு நுனியின் மேற்பகுதி கட்டையில் பட்டு, ரம்பம் ஆளை நோக்கி எகிறும். ஆகவே, சங்கிலியை நொடியில் நிறுத்தும் பிரேக் இல்லாத கருவியை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றுக்கு ஒரு லிட்டர் பெட்ரோலில் 20 மி.லி. ஆயில் கலக்க வேண்டும் (கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி). சங்கிலிக்கான ஆயில் தனி.

கருவியுடனேயே, சங்கிலிக்குப் பொருந்தும் விட்டமுள்ள உருண்டை அரம் ஒன்றையும் வாங்கிவிடுங்கள்; அறுக்கும்போது சீவல் சீவலாக விழாமல் மாவுபோலத் தூள் உதிர்ந்தால், சங்கிலி மழுங்கிவிட்டது என்று பொருள், அப்போது அழுத்தி அறுக்காமல் பற்களைத் தீட்ட வேண்டும். கண்ணாடியும் காதுக் கவசமும் வாங்குபவர்கள்கூட மறந்துவிடுவது, ஓடும் சங்கிலியைச் சிக்கவைத்து நிறுத்தும் நாரிழைகள் கொண்ட கால் கவசத்தை.