ஆர்வத்தை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில், "பிள்ளைக்கு எதில் ஆர்வமோ அதையே படிக்கட்டும்" என்று சொல்லும் பெற்றோர் பெருகியிருப்பது மிகவும் நல்ல மாற்றம். ஆனால் அந்த ஆர்வம் எதன்மீது என்று துருவிக் கேட்காமலே விண்ணப்பத்தை நிரப்பிவிடுகிறோம்.

ஒரு பொருள் பிடித்திருப்பதையே அதைச் சார்ந்த வேலையும் பிடித்திருப்பதாக எண்ணிக்கொள்வதுதான் பெரும் தவறு. நாய்க்குட்டிகளிடம் உயிராக இருக்கும் மாணவி கால்நடை மருத்துவம் படிக்க விரும்புவது இயல்பே. ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் நீளும் அந்தப் படிப்பை முடித்து, அவர் ஒரு கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் அமர்ந்தால், தோள்வரை நீளும் கையுறையை மாட்டிக்கொண்டு பசுவின் மலக்குடலுக்குள் கைவிட்டுச் சினை பார்ப்பதும், முரண்டு பிடிக்கும் மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போடுவதும், கறவை மாட்டையே நம்பியிருக்கும் குடும்பத்திடம் அது பிழைக்காது என்று சொல்வதும் அன்றாடப் பணிகளாக இருக்கும். இவற்றையும் மனமுவந்து செய்ய முடிந்தால் அவருக்கு அதைவிடப் பொருத்தமான தொழில் வேறில்லை. அதை அறிய, ஊரிலுள்ள மருந்தகத்தில் அனுமதி பெற்றுச் சில நாள் காலை வேளைகளில் உடனிருந்து பார்த்தாலே போதும். விலையுயர்ந்த ஆலோசனை எதுவும் தேவையில்லை. செல்போனில் விளையாடப் பிடிக்கும் என்பதற்காக கேம் டிசைன் படிக்க நினைப்பவருக்கும் இதே சோதனை பொருந்தும்.

ஆர்வத்தைக் கண்டறியும் வினாத்தாள்களை அளவுக்கு மீறி நம்புவதும் சரியன்று. அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலந்து 1959-இல் முன்வைத்த, ஆறு வகை ஆர்வங்களாகப் பிரிக்கும் முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அத்தகைய வினாத்தாள் ஒருவருக்கு எது பிடிக்கும் என்பதைக் காட்டுமே தவிர, எது கைவரும் என்பதைக் காட்டாது. அதே போல, ஒரு நல்ல ஆசிரியர் அமைந்ததால் பிடித்துப்போன பாடத்தையும் சற்று நிதானித்தே எடைபோட வேண்டும்.

பதினைந்து வயதில் ஆர்வம் தெளியவில்லையே என்று பிள்ளையைக் குறைசொல்வதைத்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. செய்யச் செய்யக் கை பழகி, அதன் பிறகே பிடித்துப்போகும் தொழில்கள் ஏராளம். இருப்பினும் பதினோராம் வகுப்பில் குரூப் எடுத்தே ஆக வேண்டும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை. தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப், கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்தை விட்டுவிட்ட மாணவருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. மருத்துவமா பொறியியலா என்று ஊசலாடும் பிள்ளை, சுமையைத் தாங்க முடியுமானால், கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பை எடுத்து, முடிவை இரண்டு ஆண்டுகள் தள்ளிவைக்கலாம்.