சி டிரைவ் நிரம்பிவிட்டதா? டி-யிலிருந்து இடம் எடுப்பது இப்படி

சி டிரைவில் சிவப்புக் கோடு, டி-யில் பாதிக்கு மேல் காலி. டி-யைச் சுருக்கி, மிச்சத்தை சி-யோடு சேர்க்கலாம் என்று விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், சி-க்கான ‘எக்ஸ்டென்ட் வால்யூம்’ மங்கிக் கிடக்கும். கணினியில் கோளாறு எதுவும் இல்லை. சி-யை நீட்ட வேண்டுமானால் காலி இடம் அதன் வலது பக்கத்தில் ஒட்டியே இருக்க வேண்டும். டி-யைச் சுருக்கினால் இடம் விடுபடுவதோ டி-யின் வலது ஓரத்தில். நடுவே டி நிற்கிறது, அதை நகர்த்த டிஸ்க் மேனேஜ்மென்டுக்கு வழி கிடையாது.

முதலில் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து, கீழ்ப்பாதியில் உள்ள பட்டையைப் பாருங்கள். சி-யும் டி-யும் ஒரே டிஸ்கின் வரிசையில் (பெரும்பாலும் ‘டிஸ்க் 0’) இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். சி எஸ்எஸ்டியிலும் டி தனி ஹார்ட் டிஸ்கிலும் இருந்தால் இடத்தை மாற்ற முடியாது. பெரிய ஃபைல்களை டி-க்குக் கொண்டுபோவதுதான் வழி. சி-க்கும் டி-க்கும் நடுவில் ‘ரிக்கவரி பார்ட்டிஷன்’ (பார்ட்டிஷன் என்றால் டிஸ்கில் பிரித்த ஒரு பகுதி) என்று சிறிய கட்டம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனியாக வருகிறேன்.

எந்த வழியில் போனாலும் முக்கியமானவற்றை வெளி டிஸ்கிலோ வேறெங்காவதோ பேக்கப் எடுத்த பிறகே கை வையுங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்களில் கேட்காமலே டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸில் பார்த்து, 48 இலக்க ரிக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டி-யில் உள்ளதை வெளி டிஸ்கில் வைக்க இடம் இருந்தால், டி-யையே அழித்துவிடுவதுதான் நல்லது. எதுவும் நகர்த்தப்படாததால் சில நிமிடங்களில் முடியும், ஆபத்தும் குறைவு. எல்லாவற்றையும் நகலெடுத்து, நாலைந்து ஃபைல்களை வெளி டிஸ்கிலிருந்தே திறந்து பாருங்கள். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் போன்ற ஃபோல்டர்களை முன்பு டி-க்கு மாற்றியிருந்தால், அவற்றின் பிராப்பர்டீஸில் லொக்கேஷன் டேபில் பழைய இடத்துக்கே திருப்புங்கள். டி-யில் நிறுவிய மென்பொருள்களை நகலெடுத்துப் பயனில்லை. நீக்கிவிட்டுப் பிறகு மறுபடி நிறுவ வேண்டும்.

இனி டி-யில் ரைட் கிளிக், ‘டிலீட் வால்யூம்’. கருப்புப் பட்டையோடு ‘அன்அலொகேட்டட்’ என்று வர வேண்டும். எம்பிஆர் (MBR) என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்குகளில் பச்சை ஓரத்தோடு ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்று வரும். அது எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனின், அதாவது பல டிரைவ்களை உள்ளே வைக்கும் பெரிய பகுதியின் உட்புறம், சி-க்குப் பயன்படாது. உள்ளே வேறு டிரைவ் எதுவும் இல்லை என்று உறுதியானால் அதையும் ரைட் கிளிக் செய்து நீக்குங்கள்.

பிறகு சி-யில் ‘எக்ஸ்டென்ட் வால்யூம்’. அளவை எம்பியில் கேட்கும்: 50 ஜிபி வேண்டுமானால் 51200. ஒன்றும் மாற்றாமல் நெக்ஸ்ட் கொடுத்தால் காலி இடம் முழுவதையும் சி விழுங்கிவிடும். மீதி இடத்தில் ‘நியூ சிம்பிள் வால்யூம்’, என்டிஎஃப்எஸ், க்விக் ஃபார்மட். எழுத்தை மறக்காமல் டி என்றே கொடுங்கள், பழைய ஷார்ட்கட்கள் வேலை செய்யும்.

வெளி டிஸ்க் இல்லையென்றால், பார்ட்டிஷன்களை நகர்த்தத் தெரிந்த இலவச மென்பொருளான ஜிபார்ட்டட் லைவ்-ஐ (GParted Live) பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். முக்கியமான சிலவற்றையாவது வேறெங்காவது நகலெடுத்து வைத்திருந்தால்தான் இந்த வழி. பிட்லாக்கரோ (விண்டோஸின் இன்னொரு பூட்டு வசதி) டிவைஸ் என்கிரிப்ஷனோ இருந்தால் முழுவதும் அணைத்து, டிக்ரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருங்கள். பிறகு ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் விண்டோஸைப் பாதித் தூக்கத்தில் விட்டுவிடும், அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனைத் தொட ஜிபார்ட்டட் மறுக்கும்.

ஜிபார்ட்டடில் டி-யைத் தேர்ந்து ‘ரீசைஸ்/மூவ்’, இடது ஓரத்தை வலப்பக்கம் இழுங்கள். அடுத்து சி-யின் வலது ஓரத்தை அந்த இடம்வரை நீட்டுங்கள். எம்பிஆர் டிஸ்கில் நடுவே எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனின் இடது ஓரத்தையும் சுருக்க வேண்டும். பச்சை டிக்கை அழுத்தும்வரை டிஸ்கில் எதுவும் எழுதப்படாது, அதனால் நிதானமாகச் சரிபார்க்கலாம். அழுத்திய பிறகு நிறுத்தக் கூடாது. டி-யின் தொடக்கம் மாறும்போது உள்ளே உள்ளதெல்லாம் இடம் மாற்றி எழுதப்படுகிறது. ஹார்ட் டிஸ்கில் பல மணி நேரம் ஆகலாம். நடுவில் கரண்ட் போனால் டி-யே போய்விடக்கூடும். லேப்டாப் என்றால் சார்ஜரைப் போட்டே வையுங்கள். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும், ஆனால் சிறிய யுபிஎஸ் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. அடிக்கடி மின்தடை வரும் ஊரென்றால் இந்த வழியே வேண்டாம். முடிந்தபின் விண்டோஸ் தொடங்கும்போது டிஸ்க் செக் ஓடும், அதைத் தடுக்காதீர்கள்.

நடுவில் ரிக்கவரி பார்ட்டிஷன் இருந்தால், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் முதலில் ‘ரீஏஜென்ட்சி /டிஸேபிள்’ (reagentc /disable) என்று கொடுங்கள். டி-யை அழித்தோ சுருக்கியோ இடம் கிடைத்தபின், ஜிபார்ட்டடில் அந்தக் கட்டத்தை வலப்பக்கம் தள்ளுங்கள். அளவு சிறியது, சீக்கிரம் நகரும். விண்டோஸுக்குத் திரும்பியதும் ‘ரீஏஜென்ட்சி /எனேபிள்’ (reagentc /enable). தொல்லை என்று அதை அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் படுத்தால் சரிசெய்ய உதவுவது அதுதான். முடிந்தால் 1 ஜிபியாகப் பெரிதாக்கிவிடுங்கள்: 2024 ஜனவரியில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட், இந்தப் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாத கணினிகளில் ஏறாமல் நின்றது.

புது லேப்டாப்பில் ஒரே சி-யாக வந்து, அதிலிருந்து டி பிரிப்பவர்களுக்கு வேறு சிக்கல். 300 ஜிபி காலி இருந்தும் ‘ஷ்ரிங்க் வால்யூம்’ சொற்ப இடம்தான் தருவேன் என்னும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல், சிஸ்டம் ரிஸ்டோர் பாயின்ட்கள் போன்ற நகராத ஃபைல்களில் ஒன்று நடுவில் கிடந்தால் அதைத் தாண்டிச் சுருக்க முடியாது. அட்மினிஸ்ட்ரேட்டர் கமாண்ட் பிராம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்’ (powercfg /h off) கொடுத்து ஹைபர்னேஷனையும், பேஜ் ஃபைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்தபின் முயலுங்கள். அப்போதும் மறுத்தால் ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் லாகில் 259 என்ற எண்ணைத் தேடுங்கள், தடுக்கும் ஃபைலின் பெயர் அதில் இருக்கும். பிரித்து முடிந்ததும் அணைத்த மூன்றையும் மறுபடி இயக்கிவிடுங்கள்.